நான்காவது டிக்: இரண்டு நிமிட அமானுஷ்யத் தொடக்கம் எடுக்கப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விஸ்காம் இரண்டாம் ஆண்டு. நான்கு பேர் கொண்ட குழு. முழுப் படம் வேண்டாம், ஓர் அமானுஷ்ய த்ரில்லரின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் டைட்டிலோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு கேமரா, இரண்டு கைபேசி, உங்களில் ஒருவரின் பாட்டி வீடு. இந்த ஜானருக்கு, அதாவது இந்தப் படவகைக்கு, எவையெல்லாம் கட்டாயம், பேய் மேக்கப்புக்கு எவ்வளவு ஆகும், இரவுக் காட்சியை எப்படி எடுப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் படித்தபோது எனக்குக் காதில் விழுந்தது ஒரே கேள்விதான். காசும் இல்லை, பேயும் இல்லை. இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பார்க்கிறவரை இரண்டே நிமிடத்தில் எப்படி நம்ப வைப்பது?

நான் பதினைந்து வருடம் சென்னையில் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்தவன். கடந்த சில வருடங்களாக மாணவர்களுக்கு எடிட்டிங்கும் ஒலியும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே வெட்டு, ஒலி பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒளிப்பதிவு பற்றிச் சொல்பவை பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவை. உங்களோடு வேலை செய்யும் கேமராமேன் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை உங்கள் ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் டைட்டிலுக்கும் தயாரிப்புக் குறிப்பேட்டுக்கும் தனி மதிப்பெண் உண்டு.

முதலில் ஜானர். பேய்ப்படம் என்றும் அமானுஷ்ய த்ரில்லர் என்றும் நாம் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். எடுக்கும்போது இரண்டும் வேறு வேறு. பேய்ப்படம் பார்க்கிறவரின் உடம்பைத் தொட நினைக்கிறது: பயம், அருவருப்பு, திடுக்கிடல். த்ரில்லருக்கு ஒரு கேள்வி வேண்டும், அந்தக் கேள்வியின் பின்னால் போகிற ஓர் ஆள் வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு வேண்டும். அமானுஷ்ய த்ரில்லரில் அந்தக் கேள்வி பெரும்பாலும் 'இது என்ன, இதற்கு என்ன வேண்டும்' என்பதாக இருக்கும். தோதரோவ் என்ற இலக்கிய ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்கு மிகவும் பயன்படும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். விநோதமான ஒன்று நடக்கிறது. அதற்கு இயல்பான விளக்கம் உண்டா, இல்லை உண்மையிலேயே இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் நேரம் வரைக்கும்தான் அந்தக் கதைக்கு உயிர். எந்தப் பக்கம் முடிவாகிவிட்டாலும் அது வேறு வகைக் கதையாகிவிடும் என்றார். அவர் பேசியது இலக்கியத்தைப் பற்றி. ஆனால் உங்கள் இரண்டு நிமிடத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. தொடக்கக் காட்சியின் வேலை பயமுறுத்துவது என்று நினைக்காதீர்கள். ஒரு சந்தேகத்தை ஊன்றிவிட்டு விலகிக்கொள்வதுதான் அதன் வேலை. மீதிப் படம் அந்தச் சந்தேகத்தில்தான் ஓடும்.

நீங்கள் கேட்ட வழக்கங்களுக்கு வருகிறேன். இந்த ஜானரின் படங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றில் தொடங்கும். ஒன்று, முன்கதைச் சாவு. பெயர் தெரியாத ஒருவர் முதல் காட்சியிலேயே மாட்டிக்கொள்வார், டைட்டில் விழும். இரண்டு, வந்து சேர்தல். குடும்பம் புது வீட்டுக்கு வரும், சாமான் இறங்கும், குழந்தை மாடியைப் பார்க்கும். மூன்று, ஆவணம். 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) இப்படித்தான் தொடங்குகிறது. 1994 அக்டோபரில் மேரிலாந்தில் ஒரு காட்டுக்கு ஆவணப்படம் எடுக்கப் போன மூன்று திரைப்பட மாணவர்கள் காணாமல் போனார்கள், ஓர் ஆண்டு கழித்து அவர்கள் எடுத்த காட்சிகள் கிடைத்தன என்று சில வரி எழுத்து திரையில் வரும். அவ்வளவுதான், படம் தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போக முடியாது. நான்காவது, சாதாரண நாளில் ஒரே ஒரு பிசகு. முதல் வழிக்கு நல்ல நடிகர் வேண்டும். இரண்டாவதுக்கு இரண்டு நிமிடம் போதாது. சாமான் இறக்கவே ஒரு நிமிடம் போய்விடும். மூன்றாவது சுலபம்போல் தெரியும், ஆனால் ஒரு வகுப்பில் பாதிக் குழுக்கள் அதைத்தான் கொண்டுவரும். நான்காவதைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. செலவு குறைவு. நம் வீடுகளுக்கும் அதுதான் பொருந்தும்.

பிசகு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) பேய் பிடித்த சிறுமியின் கதை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் நீண்ட தொடக்கம் வட இராக்கில் ஓர் அகழாய்வில் நடக்கிறது. சிறுமி அங்கே இல்லை. வெயில், புழுதி, மண்வெட்டிச் சத்தம், மண்ணிலிருந்து எடுத்த ஒரு சின்னத் தலை. ஓர் அறையில் முதியவர் அந்தப் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுவர்க் கடிகாரத்தின் ஊசல் நின்றுவிடுகிறது. யாரும் அலறவில்லை. அடுத்தது 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999). அதை இயக்கிய ஷியாமளன் நம் பக்கத்து மாஹேயில் பிறந்தவர். இருட்டில் ஒரு பல்பின் இழை மெல்ல மெல்லச் சூடாகி எரிவதுதான் முதல் ஷாட். ஒரு பெண் நிலவறைக்கு ஒயின் எடுக்க வருகிறாள், லேசாகக் குளிர்கிறது, மேலே போய்விடுகிறாள். நின்றுபோன கடிகாரம், மெதுவாக எரியும் பல்பு, ஒரு குளிர். இவற்றில் எதற்கும் மேக்கப் செலவு கிடையாது.

இப்போது என் வகுப்பில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றதையெல்லாம் அதோடு சேர்த்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். ஒரு குழு வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம், நள்ளிரவு, புளியமரம் எல்லாம் போட்டு ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வீட்டில் மதியம் ஒரு மணிக்கு என்ன சத்தம் கேட்கும்? ஒரு பெண் யோசிக்காமல் "குக்கர் விசில் சார்" என்றாள். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் இப்படி ஒரு காட்சி வந்தது. ஒரு பிளஸ் டூ மாணவி கூடத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சமையலறையிலிருந்து குக்கர் விசில். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுகிறாள். கணக்கு தொடர்கிறது. இரண்டாவது விசில், இரண்டாவது டிக். மூன்றாவது விசில் வந்ததும் டிக் போட்டுவிட்டு, நோட்டைப் பார்த்தபடியே எழுந்து, அடுப்பை அணைக்கப் போகிறாள். நாம் அவள் முதுகுக்குப் பின்னால் போகிறோம். கை அடுப்புத் திருகுக்கு நீள்கிறது. அடுப்பு எரியவில்லை. குக்கர் கழுவிக் கவிழ்த்து ஸ்டாண்டில் இருக்கிறது. வெயிட்டும் கேஸ்கட்டும் ஆணியில் தொங்குகின்றன. அவள் அப்படியே நிற்கிறாள்.

இதற்குப் பிறகு எப்படி முடிப்பது என்பதில்தான் குழுவுக்குள் சண்டை. இரண்டு பேர், கூடத்திலிருந்து நான்காவது விசில் கேட்க வேண்டும் என்றார்கள். நல்ல யோசனைதான், கேட்டதும் எனக்கே சிலிர்த்தது. மற்ற இரண்டு பேர், அவள் திரும்பி வந்து நோட்டைப் பார்க்கட்டும், ஓரத்தில் நான்கு டிக் இருக்கட்டும் என்றார்கள். தோதரோவ் சொன்ன தயக்கத்தை வைத்து இரண்டையும் நிறுத்துப் பார்த்தோம். கூடத்தில் விசில் கேட்டுவிட்டால் இது பேய்தான், சந்தேகமே இல்லை; கதவு மூடிவிட்டது. நான்காவது டிக்கை அவளே கவனமில்லாமல் போட்டிருக்கலாம். விசில்கூடப் பக்கத்து வீட்டுக் குக்கராக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது, ஆனால் எந்த விளக்கமும் நிம்மதி தரவில்லை. அதோடு அவள் இனி எண்ணிப் பார்க்கப் போகிறவள், துப்புத் தேடப் போகிறவள் என்பதும் அந்தப் பென்சிலிலேயே தெரிந்துவிட்டது. த்ரில்லரின் ஆள் கிடைத்துவிட்டாள். டிக்கையே வைத்தோம். இரண்டையும் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வைக்கக் கூடாது. இரண்டு பிசகு வைத்தால் பார்க்கிறவர் இரண்டில் எது பயமாக இருந்தது என்று ஒப்பிடத் தொடங்கிவிடுவார்.

மதியம் என்றதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், இரவு வேண்டுமே என்று. நம் ஊர்களில் பேய்க்கு நள்ளிரவு மட்டும் நேரமில்லை. "உச்சி வெயில்ல வெளிய போகாத, முனி நடமாடுற நேரம்" என்று பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தெரு காலியாக இருக்கும், சாப்பிட்டவர்கள் படுத்திருப்பார்கள், நாய்கூட நிழலில் சுருண்டிருக்கும். அந்த வெறுமையை நம் படங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். பணமில்லாத குழுவுக்கு அது பெரிய வரம். வெளிச்சம் இலவசம். கூடத்து ஜன்னல் வழியாக வரும் வெயிலை விட்டுவிட்டு, சமையலறை ஜன்னலை மட்டும் கறுப்புத் துணியால் மூடுங்கள். அவள் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நடப்பாள். முகத்தில் நிழல் அதிகமாக விழுந்தால் வெயில் பக்கத்துக்கு எதிரே ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடித்தால் போதும். வெயில் கற்றை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் சாம்பிராணி போட்டு, புகை பரவி அடங்கியதும் எடுங்கள். புகை மேகமாகத் தெரிந்தால் பூஜை நடப்பதுபோல் ஆகிவிடும். ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால் சாம்பிராணியே வேண்டாம்.

இல்லை, இரவுதான் என்றால் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். இருட்டை எடுப்பது என்றால் வெளிச்சமே இல்லாமல் எடுப்பது என்று பொருளில்லை. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்தால் கறுப்பில் புள்ளி புள்ளியாகப் பொரியும், அதை டிஐ எனப்படும் நிறத் திருத்தத்தில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஓர் இடத்தில் மட்டும் போதுமான வெளிச்சம் வைத்துச் சரியாக எடுத்து, பின்னால் இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடாது. கைபேசிகள் பெரும்பாலும் 30 ஃபிரேமில் இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் அவள் சமையலறைக்குள் நுழையும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தை ஏற்றி, நீங்கள் துணி போட்டு உண்டாக்கிய இருட்டைக் கெடுத்துவிடும்.

கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஒரு பழக்கம் உதவும். ஆளை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, மிச்ச இடத்தில் பாதி திறந்த ஒரு கதவை விடுங்கள். கதவில் எதுவும் நடக்கவே கூடாது. பார்க்கிறவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆடும் கேமரா வேண்டுமென்றால் அது யாருடைய கண் என்று முடிவு செய்துவிட்டு ஆட்டுங்கள். 'தி ஈவில் டெட்' (1981) எடுத்த இளைஞர்கள் ஒரு மரப்பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இருபுறமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். செலவு ஒரு பலகைதான். ஆனால் அந்த ஓட்டம் காட்டில் இருக்கும் தீய சக்தியின் பார்வை என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. அந்தப் படத்துக்கு முதலீடு திரட்டுவதற்காகவே அதன் இயக்குநர் சாம் ரெய்மி 1978இல் அரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான ஒரு படத்தை எடுத்துக் காட்டினார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நீங்கள் எடுக்கும் இரண்டு நிமிடமும் நாளைக்கு அப்படி ஒருவரிடம் போய் நிற்கலாம்.

இனி ஒலி. மதிப்பெண் போவதும் வருவதும் பெரும்பாலும் இங்கேதான். குக்கர் விசிலை இணையத்திலிருந்து இறக்காதீர்கள். அதே வீட்டில் உண்மையாகவே சாதம் வைத்து, மைக்கை அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நடுவில் இருக்கும் சுவரும் கதவும் அந்த ஒலியை மழுக்கும் விதத்தை எந்த ஃபில்டரும் அப்படியே தராது. பக்கத்து வீட்டுக் குக்கரோ என்ற சந்தேகம் அந்த மழுங்கலில்தான் இருக்கிறது. மூன்று விசிலையும் சம இடைவெளியில் வைக்க வேண்டாம். நாங்கள் முதலாவதை 18ஆவது விநாடியிலும், இரண்டாவதை 45ஆவது விநாடியிலும், மூன்றாவதை 58இலும் வைத்தோம். மூன்றாவது சற்று அவசரமாக வருகிறது, ஏன் என்று தெரியாமலே உடம்பு நிமிர்கிறது. சமையலறைக்குள் அவள் நுழையும் வெட்டுக்கு அரை விநாடி முன்பே அந்த அறையின் ஒலியைக் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் அறையிலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் ரூம் டோன், அதாவது அந்த அறையின் இயல்பான ஒலி, எடுத்து வையுங்கள். அது இல்லாமல் எடிட்டில் மௌனம் வைத்தால், அது மௌனமாகக் கேட்காது, ஒலி அறுந்துபோனதாகக் கேட்கும்.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். அணைத்ததும் உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி தேடுவீர்கள், ஃபிரிட்ஜைத் திரும்பப் போடுவது நினைவுக்கு வரும். ஒருமுறை இதைச் செய்யாமல் நாங்கள் கிளம்பிவிட்டு, அடுத்த நாள் அந்த வீட்டு அம்மா கெட்டுப்போன இரண்டு கிலோ மீனைப் பற்றி தொலைபேசியில் சொன்னார். அவர் திட்டவே இல்லை. அது இன்னும் வருத்தமாக இருந்தது. மின்விசிறியும் அப்படித்தான். சத்தத்துக்காக நிறுத்தினால் அது ஃபிரேமில் தெரியக் கூடாது. முந்தைய ஷாட்டில் ஓடிய விசிறி அடுத்த ஷாட்டில் நின்றிருந்தால், பார்க்கிறவர் அதைத்தான் பிசகு என்று நினைப்பார். இந்த ஜானரில் கன்டினியூட்டித் தவறுக்குக் கூடுதல் விலை உண்டு, ஏனென்றால் தவறும் தடயமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும்.

திடீர்ச் சத்தம் வேண்டாமா என்று கேட்பீர்கள். எதிர்பாராத பெரிய சத்தத்துக்கு மனித உடம்பு திடுக்கிடும், அது அனிச்சைச் செயல், அதில் சந்தேகமில்லை. அதை முதலில் அழகாகப் பயன்படுத்தியவர்களில் 'கேட் பீப்பிள்' (1942) எடுத்தவர்கள் முக்கியமானவர்கள். குறைந்த செலவுப் படம். ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது, ஏதோ பாயப்போகிறது என்று நாம் மூச்சைப் பிடிக்கும்போது சீறிக்கொண்டு வருவது ஒரு பஸ். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் அந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். அந்தத் திடுக்கிடல் வேலை செய்வதற்குக் காரணம் பஸ் சத்தம் மட்டுமில்லை, அதற்கு முந்தைய நடை. இரண்டு நிமிடத்தில் அந்த நடைக்கு இடம் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உறுதியில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வு, 19 ஹெர்ட்ஸ் அளவில், மனதில் பயத்தை உண்டாக்கும் என்ற பேச்சு இருக்கிறது. விக் டாண்டி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1998இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. தன் ஆய்வுக்கூடத்தில் தனக்கு ஓர் உருவம் தெரிந்ததற்கு அங்கே ஓடிய ஒரு விசிறியின் அதிர்வே காரணம் என்று அவர் கணித்தார். சுவையான கட்டுரைதான், ஆனால் எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டிருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் லேப்டாப்பிலும் கைபேசியிலும் பார்ப்பார்கள், அந்த ஸ்பீக்கர்களால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. அந்த நேரத்தை ரூம் டோனுக்குச் செலவிடுங்கள்.

பின்னணி இசை பற்றி ஒரே வரி: பிரபல படத்தின் ஆர்ஆரை எடுத்துப் போடாதீர்கள். யூடியூபில் ஏற்றியதும் உரிமையாளரின் கோரிக்கை வந்து நிற்கும். அதைவிட முக்கியம், அந்த இசை கேட்டதும் பார்க்கிறவர் அந்தப் படத்துக்குள் போய்விடுவார்.

டைட்டிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தமிழில் வழக்கமான வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான்: நிறுவனத்தின் பெயர், நடிகர்கள், படத்தின் பெயர், தொழில்நுட்பக் கலைஞர்கள், கடைசியில் எழுத்து இயக்கம். இரண்டு நிமிடத் தொடக்கத்தில் மற்றப் பெயர்களைக் காட்சியின் மீதே சிறிதாகக் காட்டிவிட்டு, படத்தின் பெயரைப் பிசகுக்குப் பின்னால் வைப்பது நல்லது. விசில் வரும் நேரத்தில் திரையில் பெயர் இருக்கக் கூடாது, கண் எழுத்துக்குப் போய்விடும். ரத்தம் சொட்டும் எழுத்து வேண்டாம். எங்கள் குழு டைட்டிலை அதே மாணவியின் பென்சில் கையெழுத்தில், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதிப் படம்பிடித்தது. தட்டச்சு செய்வதென்றால் ஓர் எச்சரிக்கை. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் சில பதிப்புகளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். தமிழ் டைட்டிலில் கொம்பு இடம் மாறி நின்றால் அதற்குப் பிறகு யாரும் பயப்பட மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நம் ஊரில் முனி, காட்டேரி என்று நாம் பேய்க் கணக்கில் சேர்க்கும் பெயர்கள் பலருக்குக் குலதெய்வம். முனீஸ்வரனுக்கும் காட்டேரி அம்மனுக்கும் கோயில் உண்டு, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒரு பெயரை வில்லனாக்கும் முன் அதைக் கும்பிடுகிறவர் ஒருவரிடம் பேசுங்கள். பேசினால் நீங்கள் நினைத்ததைவிட நல்ல கதை கிடைக்கும், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல் ஆணால் கெடுக்கப்பட்ட பெண் வெள்ளைப் புடவையில் திரும்பி வருவது தேய்ந்த வழக்கம் என்பது மட்டுமில்லை. அந்தப் பெண்ணுக்குச் செத்த பிறகுதான் கதையில் இடம் கொடுக்கிறோம். வழக்கத்தைப் பின்பற்றுவது தவறில்லை, மதிப்பெண்ணுக்கும் அது வேண்டும். வீடு, தனிமை, பழைய பொருள், நின்றுபோன நேரம் ஆகிய வழக்கங்களை வைத்துக்கொண்டு, அதைச் சுமக்கும் பொருளை மட்டும் உங்கள் வீட்டிலிருந்து எடுங்கள். 'யாவரும் நலம்' (2009) அப்படித்தான் ஒரு புது அடுக்குமாடி வீட்டையும் தினமும் ஓடும் டிவி சீரியலையும் எடுத்துக்கொண்டது. 'ஈரம்' (2009) தண்ணீரை எடுத்துக்கொண்டது. நீங்கள் கிரைண்டரை எடுக்கலாம், கொடியில் காயும் ஒரு சட்டையை எடுக்கலாம். குக்கரை மட்டும் விட்டுவிடுங்கள், அது அந்த நான்கு பேருடையது.

எடுக்கப் போகும் முன் ஷாட்டுகளைத் தாளில் வரையுங்கள், குச்சி மனிதன் போதும். எங்களுக்குப் பதினாறு ஷாட் ஆனது, ஒரே நாளில் எடுத்தோம். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பக்கத்திலும் அது எதற்காக என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த ஷாட் தேவையில்லை. குறிப்பேட்டுக்கும் அது அப்படியே பயன்படும். அலறல் இருந்தால் பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெருவில் கத்தி போன்ற பொருளோடு நடமாட வேண்டாம், பொம்மைக் கத்தியாக இருந்தாலும்.

ரஃப் கட், அதாவது முதல் தோராய எடிட், முடிந்ததும் கதை தெரியாத மூன்று பேருக்குத் தனித்தனியாகக் காட்டுங்கள். "பயமாக இருந்ததா" என்று கேட்காதீர்கள், உங்கள் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் ஆமாம் என்பார்கள். "என்ன நடந்தது" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் படத்தைப் பார்த்த முதலாமவர் பக்கத்து வீட்டுக் குக்கர் என்றார். இரண்டாமவர் அந்தப் பெண் எண்ணிக்கையில் தவறிவிட்டாள் என்றார். மூன்றாமவர், கல்லூரி காவலாளி, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திரும்பவும் போடச் சொன்னார். மூன்றாவது விசில் வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அவள் எழுந்தபோது பென்சில் எங்கே இருந்தது என்று கேட்டார். அதோடு எடிட்டைப் பூட்டிவிட்டோம்.